கூரையில்லா அரங்கும் நம் அளவுகோலும்

சிலப்பதிகாரத்தில் இருவகை ஆடுகளங்களைக் காண்கிறோம். ஒன்று தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்தது. 24 பெருவிரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அமைத்து, மூவகை எழினி கட்டி, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்திய அரங்கு அது. மாதவி சோழமன்னன் முன் ஆடியது அதில்தான். மற்றொன்று வேட்டுவ வரியில் வருவது. மதுரை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வேனில் வெம்மையால் களைத்து ஐயை கோட்டத்தின் ஒருபுறத்தே ஒதுங்கியிருக்கின்றனர். அவ்வேளையில் எயினர் குலத்துச் சாலினி தெய்வமுற்று ஆடுகிறாள். அங்கே கோல் இல்லை, அளவு இல்லை, எழினி இல்லை. வெயிலுக்கு ஒதுங்கிய வழிப்போக்கரும் அவையினராகிவிடுகின்றனர். ஆடிவந்தவள் திடீரெனத் திரும்பிக் கண்ணகியையே சுட்டிப் புகழ்கிறாள். கண்ணகி நாணிக் கணவன் பின்னே ஒதுங்குகிறாள். பார்க்க வந்தவள் நாடகத்துக்குள் இழுக்கப்பட்டுவிட்டாள்!

மாதவியின் அரங்கில் இது நிகழ்ந்திருக்க இயலாது. அளந்து கட்டிய மேடைக்கும் அவைக்கும் இடையே ஒரு கோடு உண்டு. வெட்டவெளியில் அக்கோடு இல்லை. வேத்தியல், பொதுவியல் என ஆடலை இருவகையாக்கிய மரபு நம்முடையது. எனினும் நம் திறனாய்வு முதல்வகைக்கு உரிய அளவுகோலைக் கொண்டே இரண்டாம் வகையையும் நெடுங்காலம் அளந்து வந்துள்ளது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அந்த அளவுகோலைத்தான்.

கோடை விடுமுறையில் கிராண்ட் டிரங்க் வண்டியிலோ தமிழ்நாடு விரைவு வண்டியிலோ ஊர் செல்லும் தில்லிக் குடும்பங்கள், தாம் அறியாமலே கூத்துப் பருவத்தில்தான் ஊர் சேர்கின்றன. அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் பங்குனியில் தொடங்கி ஆடி வரையில், பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா மேடைகளில் சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் விடியும் வரை நடக்கும். தஞ்சைப் பகுதியில், மெலட்டூர் வரதராசப் பெருமாள் கோயில் முன் நரசிம்ம ஜெயந்தியையொட்டிப் பாகவத மேளா. அதன் மொழி தெலுங்கு, வேடமிடுவோர் ஆடவர் மட்டுமே. பிரகலாத சரித்திரத்தில் பின்னிரவில் நரசிங்கம் தோன்றும்போது, உள்ளுமன்றிப் புறமுமன்றி, பகலுமன்றி இரவுமன்றி என்ற அக்கதையின் நிபந்தனைகளுக்கெல்லாம் அத்தெருவும் அவ்வேளையுமே பொருத்தமான மேடையாகிவிடுகின்றன.

ஊருக்குச் சென்று கூத்துப் பார்த்துத் திரும்பும் நம் இளைஞர் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: ஒரே இரைச்சல், ஒன்றையே பலமுறை சொல்கிறார்கள், கதை நகரவில்லை, முகமெல்லாம் வண்ணம், தலையில் பாரம். அவர்கள்மீது குறை சொல்வதற்கில்லை. படித்த பெரியோரும் இதையேதான் நயமான சொற்களில் எழுதினர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ‘நாடகம்’ என்ற சொல் உயர்வையும் ‘கூத்து’ என்ற சொல் இழிவையும் குறிக்கத் தொடங்கியது. என்ன கூத்து இது என்று நாம் இன்றும் கடிந்துகொள்கிறோமே, அவ்வசையில் இந்த வரலாறு முழுதும் அடங்கியுள்ளது.

மிகை என்று சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாகக் களரியில் வைத்துப் பார்ப்போம். இரவு ஒன்பது, பத்து மணியளவில் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஒருங்கே முழங்கக் களரி கட்டுகிறார்கள். கூட்டம் சேர்ந்தபின் நடக்கும் மங்கல இசை அன்று அது. கூட்டத்தைச் சேர்ப்பதே அதன் வேலை. வயல் கடந்து அடுத்த ஊரின் காதில் அது விழவேண்டும். அங்கே உணவு உண்டுகொண்டிருப்பவர் கைகழுவி எழவேண்டும். சுவருக்குள் இரைச்சலாகும் அந்த ஒலி வெளியில் அழைப்பாக அமைகிறது. தீவட்டி வெளிச்சத்திலும் பின்னர் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் ஐம்பது அடிக்கு அப்பால் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் துரியோதனனின் கண் தெரியாது, கிரீடம் தெரியும். புஜகீர்த்தியிலும் மார்புப்பதக்கத்திலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் அந்த அசையும் சுடரை வாங்கி நூறு துணுக்குகளாக எறியும். முகத்தில் சிவப்பா பச்சையா என்பதிலிருந்தே வந்திருப்பவன் எத்தகையவன் என்று அவன் அறிவான். அந்த ஒப்பனை முழுவதும் தொலைவையும் இருளையும் கணக்கிட்டு எழுதப்பட்டது.

திரைப்பிரவேசத்தையே எடுத்துக்கொள்ளலாம். இருவர் பிடித்த துணியின் பின்னால் வேடதாரி நின்று பாடுகிறார். முதலில் கிரீடத்தின் நுனி, பிறகு சலங்கைக் கால்கள், பிறகு ஒரு கை. நெடுநேரம் கழித்தே முழுவுருவம் வெளிப்படுகிறது. அடிகள் சொன்ன மூவகை எழினிகளுள் எதற்கு இது உறவு என்று புலவர்கள் ஆராயட்டும். நமக்குத் தெரிவது ஒன்று: மூன்று பக்கமும் மக்கள் அமர்ந்திருக்கும் களரியில் ஒரு பாத்திரம் மறைந்திருந்து தோன்ற வேறு வழியே இல்லை. கட்டடம் செய்யவேண்டிய வேலையை ஒரு முழநீளத் துணியும் பாட்டும் செய்துவிடுகின்றன.

திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வருவோம். கூத்தன் ஓரடி பாட, பின்பாட்டுக்காரர் அதையே வாங்கிப் பாடுவர். கட்டியங்காரன் அதையே வசனத்தில் கேட்பான், கேலி செய்வான், இன்றைய ஊர்ச்செய்தி ஒன்றையும் அதில் கலப்பான். அரங்கத்து நாற்காலியில் அமர்ந்தவருக்கு இது மூன்று முறை கேட்ட செய்தி. களரியில் அமர்ந்தவர் நிலை வேறு. அவர் பாய் விரித்து அமர்ந்திருக்கிறார். பகலெல்லாம் உழைத்த உடம்பு. மடியில் குழந்தை உறங்குகிறது, நடுவில் அவரும் சற்றுக் கண்ணயர்வார். கூத்து அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. உறங்கி விழித்தவனுக்கும் கதை விட்ட இடத்தில் பிடிபடவேண்டும் என்பது அதன் யாப்பிலேயே உள்ள இரக்கம். சபை நாடகத்தில் உறங்குபவன் நாடகத்தை இழக்கிறான். கூத்திலோ உறங்குபவனுக்கும் பங்கு வைத்திருக்கிறார்கள். முக்கியமான கட்டம் வரும்போது பாட்டி குழந்தையைத் தட்டி எழுப்புவாள். அரைத் தூக்கத்தில் விழித்த குழந்தையின் கண்ணில் முதலில் படுவது சுழலும் கண்ணாடிக் கிரீடம். இத்தகைய அவையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நாடகம் உலகில் மிகுதியாக இருக்காது என்றே எண்ணுகிறோம்.

பாரதக் கூத்தின் உச்சம் களரியிலும் அடங்காதது. அருச்சுனன் தபசு நாளில், நட்ட நெடுமரத்தில் வேடதாரி பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். ஊரே அண்ணாந்து பார்க்கிறது. எந்த மண்டபத்தின் கூரைக்குள் அந்த மரத்தை நடுவது? அதனினும் பெரிது படுகளம். இறுதிநாள் காலையில், கோயிலருகே வெளியில், துரியோதனனின் பேருருவம் மண்ணால் வனைந்து கிடத்தப்பட்டிருக்கும். பல இரவுகள் அவனை நாம் கிரீடம் தரித்த மனிதனாகக் கண்டோம், அவன் இறுமாப்பைக் கேட்டோம், கட்டியங்காரன் அவனைக் கிண்டல் செய்தபோது சிரித்தோம். இப்போது பட்டப்பகலில் அவன் நிலமாகவே கிடக்கிறான். வீமன் தொடையைப் பிளக்கிறான். பாஞ்சாலி அவிழ்ந்த கூந்தலை முடிக்கிறாள். அதே களத்தில் அவனுக்கு ஒப்பாரியும் பாடப்படுகிறது. பாண்டவர் பக்கம் நின்ற ஊர், பகைவனின் பிணத்தருகே அமர்ந்து அழுகிறது. மாலையில் தீமிதி.

இந்தப் பகல்தான் நம்மை வியக்கவைக்கிறது. இரவின் சுடரொளி கூத்துக்குக் கொடுத்த மயக்கம் எல்லாம் காலை வெயிலில் கலைந்துபோகும். வண்ணம் வியர்வையில் வழிந்திருக்கும், வேடத்தின் தையல்கள் தெரியும். எந்த நாடகாசிரியனும் தவிர்க்க விரும்பும் அந்த வெளிச்சத்தைப் பாரதக்கூத்து தன் இறுதிக்கட்டத்துக்கெனவே தேர்ந்துகொள்கிறது. போர் முடிந்த களத்தில் மயக்கத்துக்கு இடமில்லை. மண்டபத்து விளக்கொளியால் விடியலைப் போலச் செய்து காட்டலாம், விடியச்செய்ய இயலாது.

1985 சூலையில் பீட்டர் புரூக் பிரான்சு நாட்டு அவிஞோன் விழாவில், புல்போன் கல்லகழியில், ஒன்பது மணிநேர மகாபாரதத்தைத் திறந்தவெளியில் நிகழ்த்தினார். இரவெல்லாம் நடந்து விடியலில் முடிந்த காட்சிகளும் உண்டு. நம் மல்லிகா சாராபாய் அதில் திரௌபதியாக நடித்தார். அந்நிகழ்ச்சியைப் பற்றி இந்தியாவில் எழுந்த பாராட்டையும் கண்டனத்தையும் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. கோடை இரவு, பாறை, மண், நெருப்பு, விடியல் ஆகியவை மகாபாரதத்துக்குத் தேவை என்று அவர் கண்டதைப் புதுமை என எழுதியோர், செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர்களைப் பார்த்திருந்தால் சற்று நிதானித்திருப்பர் என்பதோடு நிறுத்துகிறோம். இங்கே அதைக் கண்டு எழுதியவர் ந. முத்துசாமி. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் முதலியோரின் கூத்தில் அவர் பழம்பொருளைத் தேடவில்லை, தற்கால நாடகத்துக்கான இலக்கணத்தைத் தேடினார். 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை அத்தேடலின் விளைவு. நாம் அவரோடு மாறுபடும் இடம் ஒன்று உண்டு. கூத்தனின் உடலிலிருந்தும் குரலிலிருந்தும் நகர மேடை கற்கத்தக்கது மிகுதி என்பது உண்மையே. ஆயினும் உறங்கி விழிக்கும் அந்த அவையை நகருக்குக் கொண்டுவர முடியவில்லை. பாதி இலக்கணம் ஊரிலேயே தங்கிவிட்டது.

இனித் திரைப்படம். தென்னாட்டில் அதுவும் வெளியில்தான் பிறந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். பின்னாளில் டூரிங் டாக்கீஸ் எனப் பெயர்பெற்ற கொட்டகைகள் அவ்வழி வந்தவை. மேலே கீற்றோ கித்தானோ உண்டு, பக்கங்கள் திறந்தவை. ஆதலால் இருட்டியபின்பே படம். தரை, பெஞ்சு, நாற்காலி என மூன்று வகுப்பு. தரையில் ஆற்றுமணல், அதைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வோருக்குப் பின்னாலிருப்போரின் வசை. மாலையில் ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தால் சீட்டுக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அது களரி கட்டுதலன்றி வேறென்ன? ஒரே படக்கருவி ஆதலால் சுருள் மாற்ற மூன்று, நான்கு இடைவேளைகள். பார்வையாளர் கூத்தில் எழுந்து உலாவியதுபோலவே இங்கும் வெளியே வந்து, சோடா குடித்து, விண்மீன்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினர்.

அந்தக் கொட்டகையின் சுவர்களற்ற பக்கங்களை மறந்துவிட்டு அக்காலத் தமிழ்ப்படங்களைத் திறனாய்வது தவறாகும். 1952இல் வெளிவந்த பராசக்தியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், நாடக மேடையிலிருந்து வந்த சிவாஜி கணேசனுக்கு முதற்படம். அதன் நீதிமன்றக் காட்சியில் படக்கருவி அதிகம் நகரவில்லை, பேச்சே பெரும்பங்கு என்பது காட்சிக்கலையின் நோக்கில் பொருந்தும் குறையே. ஆனால் அப்பேச்சு கொட்டகைக்குள் இருந்தவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. காசில்லாமல் வேலிக்கு வெளியே நின்றவர், திண்ணையில் படுத்திருந்த முதியவர், நீரிறைக்கச் சென்றவர் ஆகியோரும் அதைக் கேட்டனர். படத்தைக் காணாமலே வசனம் முழுதும் மனப்பாடம் செய்தோர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். எதுகையும் மோனையும் அவர்களுக்குக் கைப்பிடி. காட்சியைக் காணாதவனுக்கும் போய்ச்சேரவேண்டிய படம் பேசத்தான் செய்யும்.

இவ்வாறு சொல்வதால் எல்லா இரைச்சலுக்கும் நாம் வக்காலத்து வாங்குவதாகக் கொள்ளலாகாது. குளிர்பதன அரங்குகள் வந்தபின்னும், நுண்ணிய ஒலிக்கருவிகள் வந்தபின்னும், அதே உரத்த குரலில் அதே நீட்டலோடு பேசிக்கொண்டிருந்த படங்கள் பல உண்டு. அங்கே மிகை உண்மையிலேயே மிகைதான். வெளிக்கு உரிய இலக்கணம், வெளி போனபின் வெறும் பழக்கமாகத் தங்கிவிட்டது. அப்படங்களைக் கண்டித்த நம் திறனாய்வாளர்கள் சரியானதையே கண்டித்தார்கள். கண்டிக்குமுன் அக்குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். இன்று அந்தக் கொட்டகைகள் ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டன. மராத்திய நாட்டின் திருவிழாக்களில் கூடாரப்படம் காட்டிவந்தோரின் அந்திக்காலத்தை ‘தி சினிமா டிராவலர்ஸ்’ (2016) என்ற ஆவணப்படம் பரிவோடு பதிவுசெய்துள்ளது. தமிழகத்துக் கொட்டகைக்காரர்களுக்கும் அத்தகைய பதிவுகள் மேலும் வேண்டும்.

திறந்தவெளி நாடகத்தை எவ்வாறு பார்ப்பது என்பதற்குச் சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) நல்ல பாடம். அதில் அப்பு ஊரில் நடக்கும் ஜாத்ரா பார்க்கிறான். நடிகர்கள் உரக்கப் பேசுகிறார்கள், அங்கங்களை வீசி நடிக்கிறார்கள். ராயின் சொந்த நடைக்கு நேர் எதிரான நடிப்பு அது. இலேசாகக் கேலி செய்திருக்கலாம். அவரோ சிறுவனின் விரிந்த கண்களுக்குத் திரும்புகிறார். அடுத்து அப்பு பளபளக்கும் தாளில் தானே ஒரு கிரீடம் செய்துகொள்கிறான், அதற்காக அக்காளின் பெட்டியில் கைவைத்து அவளிடம் அகப்படுகிறான். நாடகத்தின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது ஒரு குழந்தைக்குள் என்ன செய்தது என்பது மட்டுமே காட்டப்படுகிறது.

இவையெல்லாம் தில்லியில் வாழும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வெளிமாநிலத் தமிழ் அமைப்புகள் ஆண்டுவிழாக்களுக்குக் கூத்துக்குழுக்களை அழைப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் நாம் அவர்களுக்குக் கொடுப்பது மூடிய மண்டபம், ஒரு மணிநேரம், முன்னால் மூன்று ஒலிவாங்கிகள், வாழ்த்துரைகளுக்கும் பரிசளிப்புக்கும் நடுவே ஓரிடம். திறந்தவெளிக்கென வளர்ந்த குரல் ஒலிபெருக்கியில் ஏறிச் சுவரில் மோதித் திரும்புகிறது. முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்துகிறார்கள். பெற்றோர், இதுதான் நம் பண்பாடு என்று அவர்களுக்குச் சொல்கிறார்கள்! முரளி மனோகர் இயக்கி 2008இல் வெளிவந்த ‘கர்ண மோட்சம்’ என்ற குறும்படத்தில், பள்ளியொன்றில் ஆடச் சென்னைக்கு வரும் கூத்துக்கலைஞர் ஆட்டம் நடவாமற்போக, சிற்றுண்டிக் கடைச் சிறுமி ஒருத்திக்குத் தம் கலையின் கூறுகளைக் காட்டுகிறார். மண்டபம் கிடைக்காத அந்தக் கூத்தனுக்குத் தெருவில் ஓர் உண்மையான அவை கிடைத்துவிட்டது. நம் விழாக்களில் நடப்பது அதன் மறுதலை.

வேறு வழி இல்லாமலில்லை. இந்நகரிலேயே 1963இல் இப்ராகிம் அல்காசி, தர்மவீர் பாரதியின் ‘அந்தா யுக்’ நாடகத்தைப் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கிடையே நிகழ்த்தினார். அதுவும் பாரதப்போரின் இறுதிநாள் கதை, காந்தாரியின் துயரம், இடிந்த மதில்களின்மேல் இரவு. படுகளத்தின் உறவுக்காரன்தான் அது. இரவீந்திர பவனில் ஆலமரத்தடியில் மேகதூத் திறந்தவெளி அரங்கை அமைத்தவரும் அவரே. இராம்நகர் இராமலீலையில் ஒரு மாதகாலம் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் இன்றிக் கதை இடம் மாற மாற மக்களும் உடன் நடக்கிறார்கள். வடநாட்டார் தம் வெளியைப் பேணும்போது, அவர்களிடையே வாழும் நாம் நம் கூத்தை மட்டும் மண்டபத்துக்குள் அடைக்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. பள்ளி மைதானம் ஒன்று, பாய்கள், வைகாசியின் ஓர் இரவு. வெப்பக்காற்று அடங்கிய பின் மொட்டைமாடியில் படுத்துறங்கிப் பழகிய தில்லிக்காரருக்கு அது அரிய துன்பமன்று.

ஒரு மணிநேரம் என்று நாம் வரையறுக்கும்போது குழுவினர் பெரும்பாலும் துகிலுரிதலைத் தேர்ந்துகொள்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த கட்டம், விறுவிறுப்பானது. பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துச் சூளுரைக்கிறாள், கைத்தட்டல் எழுகிறது, செயலாளர் பொன்னாடையுடன் மேடையேறுகிறார். அந்தக் கூந்தல் முடியப்படுவது இறுதிநாள் காலையில், மண்ணில் கிடக்கும் துரியோதனன் அருகே. நம் பிள்ளைகள் அதற்குள் கடைசி மெட்ரோ வண்டியைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.